வண்டி எங்கே சூடானது?

பொது மேடையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்

ஆடிப்பெருக்கு நெருங்கினால் கொல்லிமலைச் சாலையில் இருசக்கர வண்டிகளின் வரிசை நீளத் தொடங்கும். வல்வில் ஓரி விழாவுக்குப் போகிறவர்கள் சிலர், அறப்பளீசுவரர் கோயிலுக்குப் போகிறவர்கள் சிலர், ஆகாயகங்கை அருவிக்கென்றே கிளம்பியவர்கள் பலர். காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். முப்பதாவது, நாற்பதாவது வளைவுப் பக்கம் ஓரங்கட்டிய வண்டி ஒன்றாவது கண்ணில் படும். இரண்டு பேர் ஏறி வந்த 100 சிசி வண்டியாக இருக்கும். ஒருவர் குத்துக்காலிட்டு இன்ஜினை முறைத்துக்கொண்டிருப்பார். மற்றவர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருப்பார். அந்தத் தண்ணீரை அவரே குடித்துவிட்டால் வண்டிக்கு நல்லது. சுடச்சுட இருக்கும் ஹெட்டின் மேல் ஊற்றினால் தண்ணீர் பட்ட இடம் சட்டென்று சுருங்கும், படாத இடம் விரிந்தபடியே நிற்கும். ஹெட் கோணலாகலாம், கேஸ்கட் விடலாம், ஃபின்னே விரிசல் காணலாம். நிழலில் அரை மணி நேரம் நிறுத்தி வைப்பதற்கு மேல் அந்த இடத்தில் செய்வதற்கு ஒன்றுமில்லை.

மலை இறங்கிய பிறகு அந்த வண்டி சேந்தமங்கலத்திலோ நாமக்கல்லிலோ ஒரு பட்டறைக்கு வரும். "வண்டி ரொம்ப ஹீட் ஆகுதுங்க" என்பார் உரிமையாளர். கைதேர்ந்த மெக்கானிக் உடனே ஸ்பேனரை எடுக்கமாட்டார். "எந்த எடத்துலங்கண்ணா சூடாச்சு?" என்று கேட்பார்.

பழுதில் பாதி அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. சேலம், நாமக்கல் சமவெளியில் வண்டி சூடாகும் இடங்கள் மூன்று வகை. சேலம் ஐந்து ரோடு மாதிரி நின்று நின்று நகரும் இடம் ஒன்று. 2020-ல் மேம்பாலம் திறந்த பிறகும் கீழே நெரிசல் முழுதாகத் தீர்ந்துவிடவில்லை. சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகக் கரூர் போகும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை மாதிரி முறுக்கிப் பிடித்துப் போகும் இடம் இன்னொன்று. மூன்றாவது, கொல்லிமலை, ஏற்காடு போன்ற ஏற்றம். சிக்னலில் கொதித்துவிட்டு நெடுஞ்சாலையில் ஆறிவிடும் வண்டிக்கு ஒரு நோய். சிக்னலில் சும்மா இருந்துவிட்டு 80 கிலோமீட்டர் வேகத்தில் கொதிக்கும் வண்டிக்கு வேறு நோய். இதைக் கேட்காமல் ஆயிலை மாற்று, ரேடியேட்டரை மாற்று என்று இறங்கினால் பில் கூடும்; அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டி அதே வளைவில் நிற்கும்.

முதலில் வெயிலைப் பற்றிய வழக்கு ஒன்றைத் தீர்த்துவிட வேண்டும். "நம்ம ஊரு வெயிலுக்கு வண்டி சூடாகாம என்ன பண்ணும்" என்பது இங்கே எல்லோரும் சொல்லும் சமாதானம். ஏப்ரல், மே மாதங்களில் சேலம் 40 டிகிரியைத் தொடுவது உண்மை. காவிரிக்கு அக்கரையில் கரூர் பரமத்தி, மாநிலத்தின் வெப்பப் பட்டியலில் அடிக்கடி முதல் வரிசையில் வந்து நிற்பதும் உண்மை. ஆனாலும் கணக்குப் போட்டால் வெயிலின் பங்கு சிறுத்துவிடுகிறது. சூடான பொருளிலிருந்து காற்றுக்குப் போகும் வெப்பம், இரண்டுக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது. காற்றால் குளிரும் வண்டியின் ஹெட் 150 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மார்கழியில் காற்று 25 டிகிரி, வித்தியாசம் 125. சித்திரையில் காற்று 40 டிகிரி, வித்தியாசம் 110. குறைந்தது நூற்றுக்குப் பன்னிரண்டு. நல்ல நிலையில் உள்ள வண்டி இதைத் தாங்கும். அந்தப் பன்னிரண்டைக் கணக்கில் வைத்துத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். ரேடியேட்டர் உள்ள வண்டியில் கதை கொஞ்சம் மாறும். கூலண்ட் 90 டிகிரி என்றால் வித்தியாசம் மார்கழியில் 65, சித்திரையில் 50. நூற்றுக்கு இருபத்துமூன்று போய்விட்டது. தண்ணீர் வைத்த வண்டி வெயிலுக்கு அஞ்சாது என்று நம்பி வாங்கியவர்கள் இந்த எண்ணைக் கவனிக்கலாம். சித்திரை வெயில் அதன் ரேடியேட்டரைத்தான் கூடுதலாகச் சோதிக்கிறது.

வெப்பம் எங்கிருந்து வருகிறது? சிறிய இன்ஜினில் பெட்ரோலின் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் நான்கில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றுகிறது. மிச்சம் சைலன்சர் வழியாகவும் சிலிண்டர் சுவர் வழியாகவும் வெளியேறியாக வேண்டும். உள்ளே எரியும் தீயின் வெப்பம் 2000 டிகிரிக்கு மேல். பிஸ்டனும் ஹெட்டும் அலுமினியம், அது 660 டிகிரியில் உருகும். தீ ஒரு கணம்தான் இருக்கிறது, அடுத்த கணம் குளிர்ந்த காற்றும் பெட்ரோலும் உள்ளே வருகின்றன. அடித்த வெப்பத்தை ரிங், சுவர், ஃபின், ஆயில் என்று வரிசையாகக் கைமாற்றி வெளியே தள்ளுகிறார்கள். அதனால்தான் பிஸ்டன் பிழைக்கிறது. அந்த வரிசையில் யாராவது ஒருவர் வேலைக்கு வரவில்லை என்றால் அதற்குப் பெயர் ஹீட்.

இனி மலை. கொல்லிமலை ஏற்றம் சுமார் 1000 மீட்டர். வண்டியும் இரண்டு ஆட்களும் சேர்ந்து 240 கிலோ. இதை 1000 மீட்டர் தூக்குவதற்கு மட்டும் 23 லட்சம் ஜூலுக்கு மேல் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பது சுமார் 3 கோடியே 20 லட்சம் ஜூல். அதில் ஐந்தில் ஒரு பங்குதான் வேலைக்குப் போகிறது என்றால், உயரம் ஏறுவதற்கு மட்டுமே 350 மில்லிக்கு மேல் எரிய வேண்டும். தூக்கிய ஒரு பங்குக்கு நான்கு பங்கு வெப்பம் மிஞ்சும். இதெல்லாம் நடக்கும்போது வண்டி 20 கிலோமீட்டர் வேகத்தில் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் உறுமிக்கொண்டிருக்கிறது. ஃபின் மேல் படும் காற்று சமவெளியில் படுவதில் பாதிகூட இல்லை. வெப்பம் உச்சத்தில், காற்று அடிமட்டத்தில். எந்தப் பழுதும் இல்லாத வண்டியே இங்கே முனகும். சின்னப் பழுது ஒன்று ஒளிந்திருந்தால் இங்கேதான் வெளியே வரும்.

மலையில் சூடாகும் காற்றுக்குளிர் வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது ஆயில் மட்டம். இந்த வண்டிகளின் வயிற்றில் இருப்பது ஒரு லிட்டருக்கும் குறைவு. ரிங் தேய்ந்த வண்டி சத்தமில்லாமல் 200 மில்லி குடித்துவிட்டால் கால்வாசிக்குப் பக்கம் போய்விட்டது. ஆயில் வழுக்கலுக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் அதிகம். பிஸ்டனின் அடிப்பக்கத்து வெப்பத்தை வாங்கி கிராங்க் கேஸின் சுவருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அதே ஆயில்தான். மட்டம் பார்ப்பதிலும் ஒரு சூட்சுமம்: வண்டி சமதரையில் நேராக நிற்க வேண்டும், சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கக் கூடாது. ஹோண்டா ஸ்கூட்டர் போன்றவற்றில் அளவுகோலைத் துடைத்து, மரையைத் திருகாமல் சும்மா செருகி எடுத்துப் பார்க்க வேண்டும். திருகிப் பார்த்தால் இல்லாத ஆயில் இருப்பதாகக் காட்டும்.

லாரி ஊரில் இன்னொரு சிக்கல். நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறைகள், திருச்செங்கோட்டில் ரிக் வண்டிகள், சங்ககிரியில் லாரிகள். எங்கே திரும்பினாலும் டீசல் இன்ஜின் ஆயில் டிரம் கையெட்டும் தூரத்தில் இருக்கும். பெரிய இன்ஜினுக்கே நல்லது என்றால் சின்னதற்கு இன்னும் நல்லதுதானே என்று 15டபிள்யூ-40 ஆயிலை பைக்கில் ஊற்றும் வழக்கம் இப்படித்தான் வந்தது. கியர் வண்டியில் கிளட்ச் தட்டுகள் அதே ஆயிலில் ஊறிக்கொண்டிருக்கின்றன என்பது இங்கே மறந்துபோகிறது. அதற்காகவே ஜப்பானியர்கள் ஜாஸோ எம்ஏ என்று ஒரு தரம் வகுத்து, டப்பாவில் அச்சிடச் செய்திருக்கிறார்கள். காருக்கான சில ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் சரக்கு கலந்திருக்கும். அதை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். ஏற்றத்தில் இன்ஜின் கத்தும், வண்டி நகராது. கிளட்ச் தட்டில் உராய்ந்து பிறக்கும் வெப்பம் முழுவதும் ஆயிலுக்குள் போகும். உரிமையாளர் இதையும் "இன்ஜின் ஹீட்" என்றே சொல்லுவார். சோதிப்பது சுலபம்: மேல் கியரில் மெதுவாகப் போகும்போது திராட்டிலைத் திடீரென்று முறுக்க வேண்டும். இன்ஜின் சத்தம் முதலில் ஏறி, வேகம் பின்னால் தயங்கி வந்தால் கிளட்ச் போயிருக்கிறது.

இன்னும் எளிய குற்றவாளி பிரேக். சென்டர் ஸ்டாண்ட் போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் சுற்றினால் இரண்டு மூன்று சுற்றாவது ஓட வேண்டும். அரைச் சுற்றில் நின்றால் டிரம்மில் பிரேக் கட்டை உரசுகிறது. மலை முழுக்க பிரேக் பிடித்தபடியே ஏறிய வண்டியின் இன்ஜினைத் திட்டிப் பயனில்லை. அதிகம் இறுகிய செயினும் காற்றிறங்கிய டயரும் இதே வேலையைக் குறைந்த அளவில் செய்கின்றன.

பிறகு கலவை. பெட்ரோல் குறைந்து காற்று கூடினால் எரிதல் நீண்டு வெப்பம் ஏறும். ஜெட்டில் தூசி அடைத்திருக்கலாம், கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள ரப்பர் மேனிஃபோல்டு வெடித்திருக்கலாம். இன்ஜின் சூடேறாத நேரத்தில் ஐடிலில் ஓடவிட்டு அந்த ரப்பரைச் சுற்றிக் கார்புரேட்டர் கிளீனரை ஒரு துளி அடித்தால் போதும். ஓட்டம் மாறினால் வெடிப்பு இருக்கிறது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பீங்கான் சுண்ணாம்பு போல வெளுத்திருக்கும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலும் பழைய கார்புரேட்டர் வண்டியில் கலவையைச் சற்று இப்படித் தள்ளும், ஏனென்றால் எத்தனால் தன்னுடனேயே ஆக்சிஜனைக் கொண்டுவருகிறது. நாமக்கல்காரர்களுக்கு இந்த எத்தனாலோடு வேறு வழக்கும் உண்டு. மக்காச்சோளம் எத்தனால் ஆலைக்குப் போகப் போகக் கோழித் தீவனத்தின் விலை ஏறுகிறது என்று பண்ணைக்காரர்கள் குரல் எழுப்பியிருக்கிறார்கள். முட்டையிலும் கார்புரேட்டரிலும் ஒரே சரக்கு கை வைக்கும் ஊர் வேறு எங்கும் இருக்காது.

முட்டை என்றதும் அதை ஏற்றிப் போகும் டிவிஎஸ் எக்ஸ்எல் நினைவுக்கு வராமல் இருக்காது. ஓசூரில் 1980-ல் டிவிஎஸ் 50 என்று தொடங்கிய வண்டியின் வாரிசு. 2015-ல் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினுடன் எக்ஸ்எல் 100 வந்தது. 99.7 சிசி, 4 குதிரைத்திறனுக்குச் சற்று மேல், ஒரே கியர், தானாகப் பிடிக்கும் கிளட்ச். சுமக்கலாம் என்று கம்பெனி சொல்வது 130 கிலோ. இருபது லிட்டர் தண்ணீர் கேன் ஆறு வைத்தால் 120 கிலோ ஆயிற்று. ஓட்டுகிறவர் 65 கிலோ என்றால் 185. சேலம் லீ பஜாரிலும் செவ்வாய்ப்பேட்டையிலும் மூட்டை ஏற்றிப் போகும் எக்ஸ்எல்களுக்கு இந்தக் கணக்கே நாணம் தரும். சமதரையில் அந்த வண்டி இதையும் இழுத்துவிடும், அதுதான் அதன் பெருமை. மேட்டில் வேகம் குறையும்போது கிளட்ச் முழுதாகப் பிடிக்கும் சுழற்சிக்குக் கீழே இன்ஜின் இறங்கிவிடும். மாற்றிப்போட இன்னொரு கியர் கிடையாது. கிளட்ச் வழுக்கிக் காய, இன்ஜின் திணறிக் காய, இரண்டு அடுப்பும் ஒரே நேரத்தில் எரியும். இதற்குப் பட்டறையில் மருந்தில்லை. மூன்று கேனை இறக்கி இரண்டு நடையாகப் போவதுதான் வழி. பழைய இரண்டு ஸ்ட்ரோக் எக்ஸ்எல் இன்னும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பெட்ரோலோடு கலக்கும் 2டி ஆயிலைக் கண்ணளவில் ஊற்றுவது பிஸ்டன் ஜாமுக்கு நேர்வழி. யமஹா ஆர்எக்ஸ் 100 வைத்திருந்தவர்கள் இறக்கத்திலும் ஜாம் ஆன கதை சொல்வார்கள். திராட்டிலை முழுக்க மூடிக்கொண்டு கியரில் நீண்ட தூரம் இறங்கினால் இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின் வேகமாகச் சுற்றும், ஆயில் மட்டும் சொட்டு அளவுக்குத்தான் வரும்.

மலையை விட்டு ஐந்து ரோட்டுக்கு வந்தால் அங்கே நாயகன் ஸ்கூட்டர். ஸ்கூட்டரின் இன்ஜின் பாடிக்குள் ஒளிந்திருக்கிறது. ஓடும் காற்று அதற்குப் படாது. 1946-ல் இத்தாலியின் பியாஜியோ நிறுவனம் முதல் வெஸ்பாவைக் கொண்டுவந்தபோதே இந்தச் சிக்கல் இருந்தது. அதை வடிவமைத்த கொராதினோ தஸ்கானியோ விமானப் பொறியாளர். கிராங்கின் நுனியில் விசிறியைப் பூட்டி, சிலிண்டரைச் சுற்றி ஒரு கூட்டை மூடி, காற்றை ஃபின்களின் இடுக்கு வழியாகவே போகும்படி கட்டாயப்படுத்தினார்கள். 1972-ல் வந்த பஜாஜ் சேத்தக்கிலும் அதே வழி. 2001-ல் வந்த ஆக்டிவாவிலும் அதன் பின் வந்த ஏராளமான ஸ்கூட்டர்களிலும் மேக்னெட்டின் மேல் பூட்டிய விசிறி, அதைச் சுற்றி பிளாஸ்டிக் கவர்.

பட்டறைகளில் நடக்கும் மிகப் பெரிய தப்பு இந்தக் கவரில்தான். டாப் வேலை பார்த்து முடித்த பிறகு கவரை மாட்டுவது தொல்லை. குறுகிய இடம், நான்கைந்து ஸ்குரூ, ஒடிந்துபோன கொக்கி. "கவர் இல்லேன்னா இன்னும் காத்து நல்லா படுமுங்க" என்று சொல்லி ஓரத்தில் போட்டுவிடுவார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். நடப்பது நேர்மாறு. கவர் இருந்தால் விசிறியின் காற்று முழுவதும் ஃபின் இடுக்கு வழியாகப் போகும்; கவர் இல்லாவிட்டால் எந்தப் பக்கம் தடையில்லையோ அந்தப் பக்கம் சிதறிவிடும். சிலிண்டரின் பின்பக்கத்துக்குக் காற்றே போகாது, அந்தப் பக்கம் மட்டும் வெந்து சிலிண்டர் கோணலாகும். சிக்னலில் சூடாகும் ஸ்கூட்டர் வந்தால் விசிறியின் இறக்கைகள் முழுசாக இருக்கின்றனவா, கவரின் இரண்டு பாதிகளும் இடைவெளியில்லாமல் சேர்கின்றனவா, காற்று நுழையும் சல்லடையில் சேறோ பாலித்தீன் பையோ ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது ஐந்து நிமிட வேலை. மரவள்ளிக் காட்டு வழியாக மழைக்காலத்தில் போய்வரும் வண்டிகளில் சேறு காய்ந்து கல்லாகியிருக்கும். தீவன மூட்டைகளின் பக்கத்தில் நிறுத்தும் வண்டிகளில் எலி கூடு கட்டிய பஞ்சும் நாரும் வந்ததுண்டு.

ரேடியேட்டர் வண்டிகள் இந்தச் சமவெளிக்குப் புதியவை. இங்கிலாந்தின் ஆல்ஃபிரட் ஆங்கஸ் ஸ்காட் 1908 வாக்கிலேயே தண்ணீரால் குளிரும் மோட்டார் சைக்கிளை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டார். நம் ஊர் இளைஞர்களின் கைக்கு எட்டும் 150 சிசி வண்டியில் அது பரவலாக வந்தது 2008-ல், யமஹா ஆர்15 மூலம். 2012-ல் பல்சர் 200 என்எஸ்ஸும் கேடிஎம் 200 டியூக்கும் சேர்ந்துகொண்டன. ஆக, இந்த ஊரில் ரேடியேட்டர் என்றால் கை பழகியது லாரி ரேடியேட்டருக்கு.

இந்த வண்டிகளில்தான் "எங்கே" என்ற கேள்வி பளிச்சென்று பதில் சொல்லும். சிக்னலில் கொதித்து ஓடினால் ஆறுகிறதா? விசிறி ஓடவில்லை. விசிறியின் சாக்கெட்டைக் கழற்றி பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுத்துப் பார்க்க வேண்டும். சுற்றினால் விசிறி நல்லது. ஃபியூஸ், ரிலே, சென்சார் என்று வரிசையாகத் தேடலாம். சுற்றாவிட்டால் விசிறியே போயிற்று. நெடுஞ்சாலையில், 80-ல் போகும்போது கொதிக்கிறதா? அங்கே விசிறி தேவையே இல்லை, எதிர்க்காற்றே போதும். கூலண்ட் குறைந்திருக்கிறது, அல்லது ஓடவில்லை. இன்ஜின் கொதிக்கும்போது ரேடியேட்டரின் கீழ்க்குழாய் சில்லென்று இருந்தால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை. அதைக் கழற்றி, தெர்மாமீட்டரோடு பாத்திரத்துத் தண்ணீரில் போட்டுச் சூடாக்கினால் திறக்கிறதா இல்லையா என்று கண்ணாலேயே பார்க்கலாம். சிலர் இதைக் கழற்றி வீசிவிட்டு வண்டியை அனுப்பிவிடுகிறார்கள். காலையில் இன்ஜின் சூடேறவே நேரம் எடுக்கும், அதுவரை பெட்ரோல் கூடுதலாகக் கொட்டும், சிலிண்டர் தேயும். தேய்மானத்தின் பில் இரண்டு வருஷம் கழித்து வரும் என்பதால் யாருக்கும் தொடர்பு தெரியாது.

கொதிக்கவே இல்லாமல் வரும் புகாரும் உண்டு. "சிக்னல்ல நின்னா காலெல்லாம் சுடுதுங்க." விசிறி ரேடியேட்டரின் சூட்டை வாங்கிக் காலில் அடிக்கிறது. அதுதான் அதன் வேலை. வெப்பமானி எச்சரிக்காதவரை அந்த வண்டியில் தொட எதுவுமில்லை.

ரேடியேட்டர் மூடி ஒரு சின்ன ரப்பரும் ஸ்பிரிங்கும்தான், ஆனால் அது செய்யும் வேலை பெரிது. உள்ளே அழுத்தத்தைக் கட்டி வைக்கிறது. சாதாரணமாக 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், ஒரு வளிமண்டல அழுத்தம் கூடினால் 120 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் வெடித்த மூடி அழுத்தத்தை விட்டுவிடும். அப்படிப்பட்ட வண்டியில் கூலண்டுக்குப் பதில் வெறும் தண்ணீரும் ஊற்றியிருந்தால், 1500 மீட்டர் உயரத்து ஏற்காட்டில் அது 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த இன்ஜினுக்கு 95 ஒன்றும் அதிகமில்லை. கோடை விழாவுக்கு வந்து ஏரிக்கரையில் ஆவி விட்டு நிற்கும் வண்டிக்கு முதலில் மூடியைச் சந்தேகப்படலாம். சந்தேகப்படலாமே தவிர, சூட்டோடு திறக்கக் கூடாது. அழுத்தம் போன அந்தக் கணத்தில் உள்ளே இருப்பது அத்தனையும் ஒரே நேரத்தில் கொதித்து முகத்தில் அடிக்கும்.

தண்ணீர் விஷயத்தில் இந்தச் சமவெளிக்கென்று தனித் தொல்லை. பாறைப் பூமி, ஆழ்குழாய்க் கிணறு, உப்புத் தண்ணி. சோலார் ஹீட்டரின் குழாயில் வெள்ளையாகப் படிந்து கிடப்பதைப் பார்க்காத வீடு இங்கே குறைவு. அதே படிவு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் சிலிண்டரைச் சுற்றிய வழிகளிலும் படிகிறது. வெப்பத்தைக் கடத்தாத சுவராக நிற்கிறது. வழியில் குறைந்தால் கையில் கிடைத்த நல்ல தண்ணீரை ஊற்றி வீடு வந்து சேர்வதில் தப்பில்லை. மறுநாளே வடித்துவிட்டுக் கூலண்ட் நிரப்ப வேண்டும். நீர் சேர்த்துக் கலக்கும் கூலண்ட் என்றால் பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்டு வாட்டரைத்தான் சேர்க்க வேண்டும். நிரப்பும்போது முன்சக்கரத்தைச் சற்று உயர்த்தி, மூடியைத் திறந்தபடி இன்ஜினை ஓடவிட்டுக் குமிழிகள் அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். உள்ளே காற்று சிக்கிக்கொண்டால் சென்சார் காற்றில் தொங்கும். இன்ஜின் கொதிக்கும், விசிறிக்குச் செய்தி போகாது. குமிழி அடங்கவே இல்லை, ஆயிலும் பால் கலந்த காபி நிறத்தில் இருக்கிறது என்றால் ஹெட் கேஸ்கட் விட்டிருக்கிறது.

வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். அதிலிருந்து கூலண்ட் சொட்டுவதைப் பார்த்து எம்-சீல் வைத்து அடைத்து அனுப்பிய வண்டிகள் உண்டு. அந்தத் துளையை வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். பம்பின் கூலண்ட் பக்கத்துக்கு ஒரு சீல், ஆயில் பக்கத்துக்கு ஒரு சீல், நடுவில் இந்தத் துளை. கூலண்ட் சீல் தேய்ந்தால் கசிவு ஆயிலுக்குள் போகாமல் தரையில் விழட்டும், உரிமையாளர் பார்க்கட்டும் என்பதற்காக. அடைத்துவிட்டால் கூலண்ட் அடுத்த சீலைத் தள்ளிக்கொண்டு இன்ஜின் ஆயிலில் கலக்கும். இருநூறு முந்நூறு ரூபாய் சீலில் முடிய வேண்டியது பேரிங்கும் கிராங்கும் வரை போய்விடும்.

ரேடியேட்டர் ஓட்டையானால் இந்த ஊர்க்காரர்களுக்குக் கால் தானாக லாரி ரேடியேட்டர் பட்டறைக்குத் திரும்பும். அந்தப் பட்டறைகளின் கைத்திறனில் குறை சொல்ல முடியாது. செம்பும் பித்தளையும் கலந்த பழைய ரேடியேட்டரைத் திறந்து, கம்பி விட்டுக் குத்தி, ஈயம் வைத்து மூடிப் புதிதாக்கித் தருகிறவர்கள். பைக்கின் ரேடியேட்டர் அலுமினியம். அதன் மேல் எப்போதும் ஆக்சைடு படலம் இருப்பதால் சாதாரண ஈயம் பிடிக்காது. தொட்டியின் ஓரத்தில் விரிசல் என்றால் ஆர்கான் வெல்டிங்கில் வாய்ப்பு உண்டு. நடுக்குழாயில் கல் பட்டு ஓட்டை என்றால் புதிது வாங்குவதே மலிவு. வாட்டர் சர்வீஸில் அழுத்தமாகப் பீய்ச்சி ரேடியேட்டரின் இலைகளை மடக்கிவிடுவது இன்னொரு பக்கம். மடங்கிய இலை காற்றை விடாது. தூர நின்று, பின்பக்கத்திலிருந்து முன்னோக்கி மெதுவாக அடிக்கச் சொல்லிக் கூடவே நிற்க வேண்டும்.

சூடு எவ்வளவு என்று கைவைத்துச் சொல்ல முடியாது. 70 டிகிரியும் கையைச் சுடும், 170 டிகிரியும் சுடும். கொரோனா காலத்துக்குப் பிறகு துப்பாக்கி மாதிரியான வெப்பமானிகள் எல்லாருக்கும் பழகிவிட்டன. காய்ச்சல் பார்ப்பது உதவாது, அதன் அளவு உடல் சூட்டோடு முடிந்துவிடும். தொழிற்சாலை வகை வேண்டும். அதிலும் ஒரு ஏமாற்று இருக்கிறது. பளபளக்கும் அலுமினியத்தை அது உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். ஹெட்டில் ஒரு ரூபாய் அளவுக்குக் கறுப்பு பெயின்ட் பொட்டு வைத்து, எப்போதும் அதே பொட்டைக் குறிபார்த்தால் எண்கள் நம்பும்படி வரும். நன்றாக ஓடும்போதே ஒருமுறை எடுத்துச் சுவரில் எழுதி வைத்திருக்கும் பட்டறைக்கு, பழுதாகி வரும்போது ஒப்பிட ஒன்று கையில் இருக்கும்.

மின்சார ஸ்கூட்டர்களும் இப்போது மலையேறுகின்றன. ஏதர் ஓசூரிலும் ஓலா போச்சம்பள்ளியிலும் செய்கிறார்கள், இரண்டும் கிருஷ்ணகிரி மாவட்டம்தான். அவற்றில் பிஸ்டன் இல்லை, ஆனால் மோட்டாரும் கன்ட்ரோலரும் பேட்டரியும் சூடாகின்றன. எல்லை நெருங்கியதும் மென்பொருளே சக்தியைக் குறைத்துவிடும். பாதி மலையில் வேகம் தானாக இறங்கினால் வண்டி கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. நிழலில் நிறுத்தி ஆறவிட்டுத் தொடரலாம். உச்சிக்குப் போய்ச் சேர்ந்ததும் சூட்டோடு சார்ஜரைச் செருகாமல் பேட்டரி ஆறும்வரை பொறுப்பது நல்லது. சூடான பேட்டரியில் சார்ஜ் மெதுவாக ஏறும், சில வண்டிகளில் ஆறும்வரை தொடங்கவே தொடங்காது. சமவெளியில் தனியாகப் போகும்போதே அடிக்கடி சக்தி குறைகிறது என்றால் அதை விற்பனை நிலையத்துக்குக் கொண்டுபோய்ப் பதிவுகளை எடுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். எந்த நேரத்தில், எந்த வேகத்தில், எந்தப் பாகம் சூடானது என்பது அந்தப் பதிவில் இருக்கும்.